குளமா, கழிமுகமா, காடா? பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்

பிள்ளைகளுக்குக் காட்டுயிர் காட்டணும் என்றால் நாகர்கோவில் பக்கத்து வீடுகளில் முதலில் வாயில் வருகிற பெயர் காளிகேசம் காடு. நாங்களும் அப்படித்தான் போனோம். அது சேர்ந்த கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 400 சதுர கிலோமீட்டருக்கும் மேல், யானை, புலி எல்லாம் உண்டு, ஆனால் அவை நமக்காக ரோட்டோரம் வந்து நிற்காது. அன்று பார்த்தது காய்ந்த யானைப் பிண்டம், ஒரு மலை அணிலின் வால், அப்புறம் என் காலில் அட்டை. "யானை எங்கப்பா?" என்று எட்டு வயது மகள் கேட்டுக்கேட்டு ஓய்ந்து, கடைசியில் ஆற்றில் குளித்துவிட்டு வந்தோம். மழைக்காலத்தில் அந்தக் குளியலும் வேண்டாம், மலையில் பெய்கிற மழைக்கு இங்கே திடீரென்று வெள்ளம் வரும். பன்னிரண்டு வயதுக்கு மேல், பொறுமையும் நடக்கிற காலும் இருக்கிற பிள்ளை என்றால் காடு சரி.

சின்னதுகளுக்கு என் ஓட்டு சுசீந்திரம், தேரூர் குளங்களுக்குத்தான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம், பைசா செலவில்லை. சுசீந்திரம் குளக்கரையில் நாலுவழிச் சாலை மாதிரி வண்டி பறக்கும், பிள்ளையின் கையை விட முடியாது, அதனால் நான் தேரூர் பக்கம்தான் போவது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை ஆறரைக்குப் போய்விட்டால் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பாம்புத்தாரா என்கிற நீர்ப்பறவை ஒன்று உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே, மகள் பாம்பு என்றே கத்திவிட்டாள். பிறகு அது ஒரு பட்டமரத்தில் ஏறி இரண்டு சிறகையும் விரித்து நின்றது. அதன் இறகு வாத்து இறகு போல நீரை உதறாது, ஊறிக் கனக்கும், முங்கி மீன் பிடிக்க அதுதான் வசதி, அதனால்தான் இப்படிக் காயப்போடுகிறது என்றேன். "நம்ம துணி மாதிரி" என்றாள், பதினைந்து நிமிடம் அசையவில்லை. இலைக்கோழியும் அவளை அப்படியே உட்கார வைத்தது, நீண்ட விரல்களை அகட்டித் தாமரை இலைமேல் நடக்கும், அதில் முட்டையை அடைகாப்பது அப்பாக்கோழி என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மணக்குடிக் கழிமுகம் காட்டைவிடச் சுலபம், குளத்தைவிடக் கஷ்டம். பழையாறு கடலில் சேருமிடம், அலையாத்தி மரங்கள் நிற்கும் சதுப்பு நிலக் காடு, பக்கத்தில் உப்பளம், சிவப்புக் குச்சி போன்ற காலோடு நெடுங்கால் உள்ளான்கள். 2004 சுனாமி இங்கிருந்த பாலத்தையே தூக்கிப் போட்டது, அலையின் வேகத்தை இந்த மரங்கள் தணிக்கும் என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் நம் மாவட்டத்தில் இல்லை. ஆனால் நிழல் கிடையாது, ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கும், சேற்றில் செருப்பு போகும். பத்து வயதுக்கு மேல் என்றால் கூட்டிப் போங்கள்.

உதயகிரிக் கோட்டைப் பூங்காவும் இருக்கிறது. வேலிக்குள் மான், ஓடியாட இடம், திருவிதாங்கூர் படைத்தளபதி டிலனாயின் கல்லறை. மூன்று வயதுப் பிள்ளைக்குப் போதும், அதற்கு மேல் அரைமணி நேரத்தில் சலித்துவிடும்.

குளத்தை நான் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கிறது, யாரும் சேரலாம். கால்மணி நேரம் நின்று பார்த்ததை எண்ணி இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும். எண்ணுவது மகள், போனில் தட்டுவது நான். போன பொங்கலுக்குக் கூழைக்கடாவை எண்ணும்போது பாதியில் அவை எழும்பிப் பறந்துவிட, முதலிலிருந்து எண்ணணும் என்று ஒரே அடம். இட்லிப் பொட்டலம் வண்டியிலேயே ஆறிப்போனது.