கே.என்-93: இதயத் தாளக் கோளாறு ஆய்வில் இந்தத் தடுப்பானை எதுவரை நம்பலாம்?

அட்ரினலின் தூண்டுதல் தாளக்கேடாக மாறும் வழியைத் தேடும் ஆய்வகங்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது கே.என்-93. கேம்கே-2 நொதியைத் தடுக்கும் சிறு மூலக்கூறு இது. அட்ரினலின் பற்றும் பீட்டா ஏற்பி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. அது கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து கேம்கே-2ஐ முடுக்குகிறது. செல்லுக்குள் உள்ள கால்சியக் கிடங்கின் வாயில் ரையனோடின் ஏற்பி; அந்த நொதி அதன் செரின்-2814 என்ற இடத்தில் பாஸ்பேட்டை ஏற்ற, கிடங்கு கசிகிறது. கசிந்ததை வெளியேற்றும் பரிமாற்றி ஒரு கால்சியத்துக்கு மூன்று சோடியத்தை உள்ளே விடுவதால், துடிப்பு முடிந்த பிறகும் செல் தானாகத் தூண்டப்படுகிறது. இந்தச் சங்கிலியின் தொடக்கத்தை அறுக்க கே.என்-93 நன்றாகவே உதவும்.

வாங்கும்போதே கவனியுங்கள்: இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. சாதா வடிவத்தின் மூலக்கூறு எடை 501, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரையும். பாஸ்பேட் உப்பின் எடை 599, நீரில் கரையும். உப்பை வாங்கிவிட்டு 501 என்று கணக்கிட்டால் 10 மில்லிமோலார் என்று எழுதிய குப்பியில் சுமார் 8.4தான் இருக்கும். கரைசலைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள். திரும்பத் திரும்ப உருக்க வேண்டாம். டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்த 10 மில்லிமோலார் கரைசலை 10 மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 1 மைக்ரோமோலார், டி.எம்.எஸ்.ஓ. 0.01 சதவீதம்தான். தடுப்பு நடந்ததா என்பதை பாஸ்போலாம்பான் என்ற புரதத்தில் பாருங்கள்: கேம்கே-2 ஏற்றும் திரியோனின்-17 பாஸ்பேட் குறைய வேண்டும், செரின்-16 அப்படியே இருக்க வேண்டும்.

குறைகள் சிறியவை அல்ல. கே.என்-93 கால்மோடுலின் முடுக்குவதைத்தான் மறிக்கிறது. தன்மீதே பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு முன்பே விழித்துவிட்ட நொதியை அது தொடுவதில்லை. நாள்பட்ட இதயச் செயலிழப்பு மாதிரிகளில் 'பலனில்லை' என்று வரும் முடிவை இதனால்தான் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று, கால்சியத்தைச் செல்லுக்குள் விடும் எல்-வகைக் கால்சியம் கால்வாயையும் இது அடைக்கும். அப்போது கிடங்கே காலியாகி, கசிவு குறைந்ததுபோல் தெரியும். கிடங்கைத் திறந்து காலிசெய்யும் காஃபீனை 10 மில்லிமோலார் அளவில் செலுத்திக் கிடங்கின் இருப்பை அளக்காமல், கசிவைக் காட்டும் கால்சியப் பொறிகளை மட்டும் எண்ணும் சோதனைக்கு மதிப்பில்லை. நொதியைத் தடுக்காத, ஒப்பீட்டுக்கான செயலற்ற இணை என்று விற்கப்படும் கே.என்-92உம் அதே கால்வாயை அடைக்கிறது; இந்த விஷயத்தில் அதைக் கட்டாயம் கூடவே ஓட்டுங்கள். ஆனால் துடிப்பின் முடிவில் செல்லை ஓய்வுநிலைக்குத் திருப்பும் ஐ.கே.ஆர். பொட்டாசிய மின்னோட்டத்தில் நிலைமை வேறு: கே.என்-93 அதை நேரடியாகத் தடுக்கிறது, கே.என்-92 தடுப்பதில்லை. ஆக, இணையோடு ஒப்பிட்டும் அந்தப் பிழை பிடிபடாது. செயல்மின்னழுத்தத்தின் நீளத்தை அளக்கும் வேலைக்கு இதை வாங்கவே கூடாது.

அங்கே கேம்கே-2ஐத் தடுக்கும் சிறு புரதத் துண்டான ஏ.ஐ.பி. பெப்டைடுதான் சரி. விழித்த நொதியையும் அது தடுக்கும். செல்லோடு ஒட்டி மின்னோட்டம் அளக்கும் பேட்ச் கண்ணாடிக் குழாய் வழியே உள்ளே செலுத்துவதானால் சாதா பெப்டைடு போதும்; வெளியிலிருந்து கொடுப்பதானால் மிரிஸ்டாயில் என்ற கொழுப்பமிலத் தொகுதி இணைத்ததைக் கேட்டு வாங்குங்கள், மற்றது செல்லுக்குள் நுழையாது.