டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும்: பிக்கப்பின் பிரேக் உதறலைக் கண்டுபிடித்த கருவி

பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது என்று சொன்னவுடன், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. என் பிக்கப் வண்டிக்கும் ஒரு பட்டறையில் அப்படித்தான் இரண்டு முறை முன் டிஸ்க்குகளை மாற்றினார்கள். இரண்டு முறையும் சில ஆயிரம் கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. பிறகு வேகத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பழைய உதறல் திரும்பி வந்தது. மூன்றாம் முறை டிஸ்க் வாங்குவதற்கு முன், 0.01 மி.மீ. அளவைக் காட்டும் டயல் கேஜ் ஒன்றையும் அதைத் தாங்கிப் பிடிக்கும் காந்த ஸ்டாண்டையும் வாங்கினேன். ஓராண்டாக அவற்றைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

டயல் கேஜ் மிக எளிமையான கருவி. முகப்பு வட்டத்தில் 100 கோடுகள் உள்ளன. முனை 1 மி.மீ. உள்ளே போனால் பெரிய முள் ஒரு முழுச் சுற்று சுற்றும். வாங்கியதும் முனையை விரலால் அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முள் அதே கோட்டில் வந்து நின்றது. அந்த நம்பகம் இல்லாத கேஜை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

கேஜை எடுப்பதற்கு முன்பே ஓட்டிப் பார்த்துத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பிரேக் பிடிக்காதபோதும் வண்டி உதறினால் சக்கர பேலன்ஸையும் டயரையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் முன்பக்கக் கோளாறு. இருக்கையும் பாடியும் அதிர்ந்தால் பின்பக்கத்தைச் சந்தேகிக்கலாம். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில், ஆளில்லாத நேர்சாலையில் மிதமான வேகத்தில், பொத்தானை அழுத்தியபடியே ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்துப் பார்த்தால், டிரம் வட்டம் தப்பியிருக்கிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். என் வண்டியில் ஸ்டியரிங்கும் பெடலும் மட்டுமே துடித்தன.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, தாங்கு ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, முன்சக்கரத்தைக் கழற்றிய பிறகு பலர் விட்டுவிடும் ஒரு வேலை இருக்கிறது. சக்கரம் இல்லாதபோது டிஸ்க், சக்கரம் பூட்டப்படும் மையப் பகுதியான ஹப்பின் மேல் தளர்வாகத்தான் உட்கார்ந்திருக்கும். வீல் நட்டுகளை வாஷர் வைத்து ஒரே அளவில் இறுக்காமல் அளந்தால், கேஜ் காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. இறுக்கிய பின், ஸ்டாண்டின் காந்தத்தை, ஹப்பைத் தாங்கும் சுழலாத பாகமான ஸ்டியரிங் நக்கிளில் பிடிக்கவைத்து, டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து 10 முதல் 13 மி.மீ. உள்ளே, பரப்புக்குச் செங்குத்தாக முனையை வைத்து, டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். வலப்பக்கத்தில் முள் 4 கோடுகள் நகர்ந்தது. இடப்பக்கத்தில் அது மெல்ல மெல்ல ஏறி, 14 கோடுகளைக் கடந்து, ஒரு கணம் தயங்கி, அதே நிதானத்தில் திரும்பி இறங்கியது. இந்தப் பக்கவாட்டு ஆட்டத்தை, அதாவது ரன் அவுட்டை, பல வண்டிகளுக்கு 0.05 மி.மீ. அளவிலேயே கட்டுப்படுத்தச் சொல்கிறார்கள். அவரவர் வண்டியின் சர்வீஸ் கையேடு தரும் எண்தான் இறுதியானது.

ஒரு சுற்றுக்கு ஒரே ஏற்றமும் ஒரே இறக்கமும் என்றால், டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கழற்றிப் பார்த்தபோது, ஹப் முகத்தில் இரண்டு போல்ட்டுகளுக்கு இடையே துரு ஏடு போலப் படிந்திருந்தது. நகத்தால் கீறினால்கூடச் செதிலாகப் பெயர்ந்தது. அந்தத் துருவின் மேல்தான் இரண்டு முறையும் புது டிஸ்க்கை வைத்து இறுக்கியிருக்கிறார்கள். சாய்ந்து சுழலும் டிஸ்க், பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் பேடை, அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டையை, உரசும். அந்த இடம் மட்டும் மெல்ல மெல்லத் தேயும், அல்லது அங்கே பேடின் பொருள் படியும். இப்படி உருவாகும் தடிமன் வேறுபாடுதான் பேடுகளை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனைத் தள்ளிப் பெடலைத் துடிக்கவைக்கிறது. புது டிஸ்க் போட்டதும் சரியாகி, சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு கோளாறு திரும்பியதன் காரணம் இதுதான்.

தடிமன் வேறுபாட்டை டயல் கேஜை இப்படி ஒரு பக்கம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மைக்ரோமீட்டர் தனியாக வேண்டும். கடன் வாங்கிய மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் அளந்தபோது, மிகத் தடித்த இடத்துக்கும் மிக மெலிந்த இடத்துக்கும் 0.03 மி.மீ. வித்தியாசம் இருந்தது. டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைவிட டிஸ்க்கின் தடிமன் நன்றாகவே மேலே இருந்ததால், மாற்றாமல் லேத்தில் கடைந்து வாங்கினேன். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்துவிட்டுப் பூட்டினால் 0.07 காட்டியது. டிஸ்க்கைக் கழற்றி இரண்டு போல்ட் தள்ளி உட்காரவைத்தேன், 0.03 ஆகக் குறைந்தது. வீல் நட்டுகளை ஏர் கன்னால் அடிக்காமல், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சால் எதிரெதிராகப் படிப்படியாக இறுக்கினேன்.

குறை ஸ்டாண்டில்தான் இருக்கிறது. நான் முதலில் வாங்கியது பாம்பு போல வளையும் கையுள்ள ஸ்டாண்டு. அது கேஜின் எடையிலேயே மெல்லத் தொய்ந்து, டிஸ்க் அசையாதபோதும் முள்ளை இரண்டு மூன்று கோடுகள் நகர்த்தியது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைத் தேடும் வேலைக்கு அது ஆகவே ஆகாது. மூட்டுகளை இறுக்கிப் பூட்டும் கெட்டியான கைதான் வேண்டும். நக்கிள் அலுமினியமாக இருந்தால் காந்தம் பிடிக்காது. அப்போது கிளாம்ப் தேவைப்படும். காலிப்பருக்குப் பின்னால் உள்ள மெல்லிய தகட்டில் காந்தத்தை ஒட்டினால் தகடே அசைந்து அளவைக் கெடுத்துவிடும்.

தன் வண்டியின் சக்கரத்தைத் தானே கழற்றத் தெரிந்தவருக்கு இந்தக் கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதில் இறங்க மனமில்லாதவர், டிஸ்க் மாற்றச் சொல்லும் பட்டறையில், ரன் அவுட் எவ்வளவு காட்டியது என்று கேட்டுப் பார்க்கலாம். எண்ணைச் சொல்லும் பட்டறையை நம்பி வண்டியை விடலாம். கடைந்த டிஸ்க்குகளோடு 9,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சென்ற வாரம் மறுபடியும் கேஜை வைத்துப் பார்த்தேன்: இடப்பக்கம் அதே 0.03.