டிரஸ்டெட் ஹவுஸ்சிட்டர்ஸ்: ஓய்வுபெற்ற தம்பதிகளுக்கு எப்படி?

2010-இல் பிரிட்டனில் தொடங்கிய சேவை. ஆண்டுச் சந்தா கட்டினால், வெளியூர் செல்வோரின் வீட்டில் வாடகையின்றித் தங்கி அவர்களின் நாய், பூனையைப் பார்த்துக்கொள்ளலாம், கூலி கிடையாது. நேரம் கையிலிருக்கும் ஓய்வுபெற்ற தம்பதிகளுக்கு அருமையான ஏற்பாடு.

முதலில் உள்ளூரிலேயே வார இறுதி வாய்ப்புகளை ஏற்று நல்ல மதிப்புரைகள் சேருங்கள். அவை இல்லாமல் லண்டன் வீடுகள் கிடைப்பது கடினம்.

ஒப்புக்கொள்ளும் முன் வீடியோ அழைப்பில் மருந்து, நடைநேரம், கால்நடை மருத்துவர் எண், செலவு யார் பொறுப்பு என எல்லாம் கேளுங்கள். சர்க்கரை நோயுள்ள பூனைக்குப் பொதுவாக 12 மணிக்கொருமுறை இன்சுலின்; முழுநாள் சுற்றுலாவை மறந்துவிடலாம்!

விசாதான் பெரிய சிக்கல். கூலியில்லாவிட்டாலும் இதை வேலையாகக் கருதி, சுற்றுலாப் பயணிகளாக வந்தவர்களை அமெரிக்க எல்லையில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். விமான டிக்கெட்டுக்கு முன் அந்நாட்டு விதியைப் படியுங்கள்.