குழந்தையைக் கழிப்பறைக்குப் பழக்க எது நல்லது: தரையில் வைக்கும் பாட்டி சேரா (potty, குழந்தைக்கான சின்னக் கழிப்பு இருக்கை), கமோடு மேல் சீட்டா, ஏணி சீட்டா?

உயரமான மேசையின் விளிம்பில், கால் தரையில் படாதபடி உட்கார்ந்து ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். வயிறு இறுகும், தொடை இறுகும், கைகள் விளிம்பைப் பற்றிக்கொள்ளும். தளர வேண்டிய இடம் மட்டும் தளராது. பெரியவர்களின் கமோடில் உட்காரவைக்கப்படும் இரண்டு வயதுக் குழந்தையின் நிலைமை இதுதான். மலக்குடலின் அடிப்பகுதியைக் கவண்போலச் சுற்றி இழுத்துப் பிடித்திருக்கும் தசை ஒன்று உண்டு. பாதம் அழுத்தமாக ஊன்றி, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் அந்தத் தசை நெகிழும், வழி நேராகும். கால் தொங்கினால் நெகிழாது. அதனால் எந்த சீட்டைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: குழந்தையின் கால் எங்கே ஊன்றும்? நிறமும் பொம்மை முகமும் பிறகு.

தரையில் வைக்கும் பாட்டி சேர்

தொடக்கத்துக்கு இதுதான் சிறந்தது. யாரும் தூக்கிவிடாமல் குழந்தை தானே உட்காரலாம், தானே எழலாம். இந்த வயதில் உச்சா வருவது தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் இடையே சில விநாடிகள்தான் இருக்கும். விளையாடும் இடத்துக்குப் பக்கத்திலேயே சேர் இருந்தால் அந்த விநாடிகள் போதும்.

வாங்கும் முன் குழந்தையின் முழங்கால் மடிப்பிலிருந்து உள்ளங்கால் வரை அளந்துகொள்ளுங்கள். இரண்டு வயதை ஒட்டிய குழந்தைக்குப் பெரும்பாலும் 20 செ.மீ.க்கு அக்கம்பக்கம் வரும். சேரின் உட்காரும் பகுதி அந்த அளவைவிட 2 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும். ஒரு சுற்று பெரிதாக வாங்கினால் நாளைக்கும் ஆகும் என்ற கணக்கு இங்கே உதவாது. பாதத்தின் நுனி மட்டும் தரையைத் தொடும்.

அடுத்தது அடிப்பாகம். குழந்தை எழும்போது சேர் பின்னுடம்போடு ஒட்டிக்கொண்டு கவிழ்வது அடிக்கடி நடக்கும். மேலே குறுகி அடியில் அகன்று, ரப்பர் விளிம்போடு இருப்பதை எடுங்கள். உள்கிண்ணம் மேல்பக்கமாகத் தூக்கி எடுக்கும்படி இருக்க வேண்டும். பின்னாலிருந்து இழுக்கும் வகை இழுத்த வேகத்தில் தளும்பும். கிண்ணத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் இடுக்கு இருந்தால் உச்சா அங்கே தேங்கி, சில நாட்களில் எவ்வளவு கழுவினாலும் போகாத நெடி கிளம்பும். மெத்தை வைத்த சீட்டின் தையலும் அப்படித்தான். வெடித்த தையல் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஆண் குழந்தைக்காக முன்புறம் எழும்பியிருக்கும் தடுப்பு உயரமாகவோ கூர்மையாகவோ இருந்தால் உட்காரும்போது இடித்துவிடும். ஒரு முறை வலித்தால் குழந்தை அந்தப் பக்கமே வராது. தாழ்வான, வளைந்த தடுப்பு போதும். மீதியை, முன்னால் சாய்ந்து உட்காரப் பழக்குவதே பார்த்துக்கொள்ளும்.

குறை என்றால் சுத்தம் செய்யும் வேலைதான். கிண்ணத்தில் முன்கூட்டியே ஒரு காகிதத்தையோ சிறிது தண்ணீரையோ போட்டுவைத்தால் ஒட்டாது. ஒவ்வொரு முறையும் கமோடில் கொட்டி, சோப்புத் தண்ணீரால் கழுவி, உலர விடுங்கள். வெள்ளையாகப் படியும் உப்புக்கறைக்கு வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் விடும். உச்சா இருக்கும் கிண்ணத்தில் பிளீச் ஊற்றக் கூடாது, பிளீச்சையும் வினிகரையும் சேர்க்கவும் கூடாது. இரண்டிலும் நச்சு வாயு கிளம்பும்.

கமோடு மேல் வைக்கும் சின்ன சீட்

இடம் அடைக்காது, கொட்டிக் கழுவும் வேலை கிடையாது. பாட்டி சேரிலிருந்து கமோடுக்கு மாற்றும் இரண்டாம் சுற்றும் மிச்சம். ஆனால் இது தனியாக ஒரு பொருள் இல்லை; காலுக்கு ஸ்டூலும் சேர்ந்தால்தான் முழுமை. ஸ்டூல் இல்லாமல் சீட்டை மட்டும் வாங்குவது பாதி வேலை.

ஸ்டூலின் உயரத்தைக் கணக்குப் போட்டே வாங்கலாம். சின்ன சீட்டை வைத்த பிறகு தரையிலிருந்து அதன் மேல்பக்கம் வரை அளங்கள். 43 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் முழங்கால் மடிப்பளவு 20 செ.மீ. என்றால் மீதி 23. முழங்கால் சற்று உயர 2 சேர்த்தால் 25 செ.மீ. ஸ்டூல் தேவை. ஒரே தாவலில் ஏற அது உயரம் என்பதால் இரண்டு படி ஸ்டூலாக எடுங்கள். மேல்படி இரண்டு பாதமும் அகலமாக ஊன்றும் அளவுக்கு இருக்கட்டும்.

சீட் கமோடின் வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். வட்டமான கமோடுக்குச் செய்தது நீள்வட்டத்தில் முன்னும் பின்னும் ஆடும். அடியில் திருகி இறுக்கும் பிடிகளோ ரப்பர் விளிம்போ அவசியம். வைத்த பிறகு கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் வேண்டாம். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் குழந்தை உடம்பை இறுக்கிக்கொண்டால் எதுவும் வராது.

ஃப்ளஷ் சத்தம் இன்னொரு பயம். தானும் அடித்துக்கொண்டு போய்விடுவோம் என்று நினைக்கும் குழந்தைகள் உண்டு. அது இறங்கி வெளியே போன பிறகு ஃப்ளஷ் செய்யுங்கள். கொஞ்ச நாளில் தானே அழுத்தக் கேட்கும். சிறிதளவு தண்ணீரிலும் குழந்தை மூழ்கும் ஆபத்து உண்டு என்பதால், வேலை முடிந்ததும் கமோடு மூடியை மூடிவைக்க வேண்டும்.

ஏணியோடு வரும் சீட்

சீட், படி, கைப்பிடி எல்லாம் ஒரே சட்டத்தில் இருப்பது பார்க்க வசதி. நடைமுறையில் படி பெரும்பாலும் குறுகலாக இருப்பதால், ஏற உதவும் அந்தப் படி பாதத்தை ஊன்ற உதவாது. ஈரத் தரையில் ஏணியின் கால் வழுக்கும். பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட வேண்டும். மூன்று வயதைத் தாண்டி, தானாக ஏறி இறங்க ஆசைப்படும் குழந்தைக்கு, அகலப் படியும் படியின் உயரத்தை மாற்றும் வசதியும் இருந்தால் வாங்கலாம். மற்றபடி சின்ன சீட்டும் தனி ஸ்டூலும் இதைவிட உறுதி.

ஈரம் பட்டால் பாடும் எலக்ட்ரானிக் சேர் வேண்டாம். பாட்டுக்காகக் குழந்தை தண்ணீரை ஊற்றப் பழகும், உடம்பு சொல்வதைக் கவனிக்கப் பழகாது.

ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குள் தொடங்குபவர்களுக்கு பாட்டி சேர். மூன்றை நெருங்கும், உயரமான, பெரியவர்களைப் பார்த்துச் செய்ய விரும்பும் குழந்தைக்குச் சின்ன சீட்டும் ஸ்டூலும். குளியலறை தொலைவில் இருந்தாலோ வீட்டில் மாடி இருந்தாலோ, கமோடு சீட் இருக்கும்போதே கூடுதலாக ஒரு பாட்டி சேர் வைத்திருப்பது வீண் செலவாகாது.

எப்போது, எப்படித் தொடங்குவது

வயதைவிட அறிகுறிகளே முக்கியம். டயப்பர் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வரை காய்ந்திருக்கிறதா? ஆய் வரும்போது மூலையில் போய் நிற்கிறதா? ஈரமானதைச் சொல்கிறதா? பேன்ட்டைத் தானே இறக்க முயல்கிறதா? இவற்றில் பலவற்றுக்கு ஆம் என்றால் தொடங்கலாம். புதுக் குழந்தை பிறந்த வாரமும் வீடு மாறும் வாரமும் வேண்டாம்.

தொடங்க இரண்டு வழிகள் பெயர் பெற்றவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசில்டன் 1962-ல் முன்வைத்தது, குழந்தையின் போக்கில் மெதுவாகப் போவது: முதலில் உடையோடு சேரில் உட்காரவைப்பது, பிறகு உடையில்லாமல், பிறகு டயப்பரில் இருப்பதைக் குழந்தையின் கண்ணெதிரே கிண்ணத்தில் போட்டுக் காட்டுவது. உளவியலாளர்கள் ஃபாக்ஸும் அஸ்ரினும் 1973-ல் விவரித்த வேகமான முறையில், நிறையக் குடிக்கக் கொடுத்து, ஒரே நாளில் ஓயாமல் பயிற்சி நடக்கும். இரண்டாவதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது, சில நாட்களை முழுதாக ஒதுக்கிக் கூடவே இருப்பது. ஜட்டி நனைந்ததற்காகத் திரும்பத் திரும்ப நடக்கவைத்துப் பழக்கும் பகுதியை விட்டுவிடுங்கள். பிடிவாதமான குழந்தையிடம் அது போராகவே முடியும்.

அன்றாடம் செய்ய வேண்டியது எளிது. காலை எழுந்ததும் ஒரு முறை, சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள் ஒரு முறை உட்காரவையுங்கள். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைய ஆரம்பிப்பதால் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம் பலிக்கும். மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும், வராவிட்டால் எழுப்பிவிடுங்கள். “உச்சா வருதா?” என்று கேட்டால் விளையாட்டில் இருக்கும் குழந்தை இல்லை என்றுதான் சொல்லும். “வா கண்ணு, உச்சா போயிட்டு வந்து விளையாடலாம்” என்று கூப்பிடுங்கள். பொத்தானும் ஜிப்பும் இல்லாத எலாஸ்டிக் பேன்ட் போடுங்கள். இழுத்து மாட்டும் டயப்பர் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் குழந்தைக்கு நனைந்ததே தெரியாது. வீட்டில் இருக்கும்போது பருத்தி ஜட்டி நல்லது. பெண் குழந்தைக்குக் கழுவினாலும் துடைத்தாலும் கை முன்னிருந்து பின்னாகப் போக வேண்டும். மாற்றிச் செய்தால் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும்.

இரவைத் தனியாக வையுங்கள். தூக்கத்தில் அடக்குவது பயிற்சியால் வருவதில்லை, உடம்பின் வளர்ச்சியால் வருவது. ஐந்து வயது வரை படுக்கை நனைவது இயல்பு. பகலில் ஜட்டியும் இரவில் டயப்பருமாகப் பல மாதங்கள் போகலாம்.

ஆய் மட்டும் வர மறுத்தால்

உச்சாவுக்குச் சேரில் உட்காரும் குழந்தை, ஆய்க்கு டயப்பர் கேட்டு அழுவது மிகவும் சாதாரணம். டயப்பரைப் பிடுங்கினால் அடக்கிக்கொள்ளும். அடக்கியது இறுகும், இறுகியது வலிக்கும், வலித்ததால் இன்னும் அடக்கும். டயப்பரைக் கொடுங்கள், ஆனால் குளியலறைக்குள் மட்டும். சில நாள் கழித்து டயப்பரோடு சேரில். அதன் பிறகு டயப்பரின் அடியில் ஓட்டை வெட்டி உட்காரவையுங்கள். ஓட்டையை நாளுக்கு நாள் பெரிதாக்குங்கள்.

மலம் ஏற்கெனவே கெட்டியாக, கஷ்டப்பட்டுப் போகிறதென்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்ய வேண்டும். முக்கியமாக, நன்றாகப் பழகிய குழந்தையின் ஜட்டியில் திடீரென்று தண்ணீராகக் கசிய ஆரம்பித்தால் வயிற்றுப்போக்கு என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். பல நாள் தேங்கி அடைத்திருக்கும் கெட்டி மலத்தின் ஓரமாக இளகியது வழிவதாலும் அப்படி ஆகும். குழந்தைக்குத் தெரியாமலே கசிவது அது, திட்டுவதால் நிற்காது. அந்த நிலையில் வயிற்றுப்போக்கு மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும், அதனால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.