ஹோபி 16: உப்புவெளிக் கடலில் அதன் நடத்தை

திருகோணமலை உள்துறைமுகத்தின் அமைதியான நீரில் எந்தச் சிறு பாய்ப்படகும் நன்றாகவே ஓடும். அதன் தரத்தை அறிய, உப்புவெளிக் கரையிலிருந்து இறக்கி, கோணேசர் மலைக்கு வெளியே திறந்த கடலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

கலிபோர்னியாவின் அலைக்கரைகளுக்காக ஹோபி ஆல்டர் உருவாக்கிய ஹோபி 16 என்ற இந்த இரட்டைத் தோணிப் படகு 5.05 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 145 கிலோ எடையும் கொண்டது. இதற்கு நீருக்குள் இறங்கும் நடுப்பலகை இல்லை. பக்கவாட்டில் நழுவாமல் காப்பது, உட்புறமும் வெளிப்புறமும் வெவ்வேறாக வளைந்த தோணிகளின் வடிவமே. சுக்கான்களும் மேலே மடங்கக்கூடியவை என்பதால், அலை உடையும் கரையிலும் இருவர் தள்ளி இறக்கி, திரும்பும்போது நேராக மணலில் ஏற்றிவிடலாம். இறங்குதுறை இல்லாத நிலாவெளி போன்ற கரைகளுக்கு இது பெரிய வரம்.

மலையடியில் பாறையில் மோதித் திரும்பும் அலை, உள்வரும் அலையோடு குறுக்கிடுவதால் அங்கே கடல் ஒழுங்கின்றிக் குழம்பும். படகின் 2.41 மீற்றர் அகலம் அதில் நன்கு தாங்குகிறது. ஆனால் காற்றை எதிர்த்துத் திரும்பும்போது, எடை குறைந்த இப்படகு வேகமிழந்து பாதியில் நின்றுவிடும். முன்பாயைச் சற்று நேரம் எதிர்ப்பக்கத்திலேயே பிடித்து வைத்தால்தான் அணியம், அதாவது படகின் முன்முனை, திரும்புகிறது.

உண்மையான குறை அந்த அணியத்திலேயே உள்ளது. பின்னாலிருந்து காற்று வாங்கி அலைச்சரிவில் இறங்கும்போது, மெலிந்த அணியம் முன்னிருக்கும் அலைக்குள் புதைந்து, பின்பகுதி எழுந்து, படகு குப்புறக் கவிழக்கூடும். ஏறத்தாழ 20 சதுர மீற்றர் பாய் இந்த எடைக்கு மிகுதி. ஆகவே இருவரும் பின்னே நகர்ந்து அமர்ந்து, பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிறான தாமானைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்றான கச்சான் வீசும் மாதங்களில் கூடுதல் கவனம் தேவை. தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் அந்தக் காற்றில் கரையோர நீர் தட்டையாகத் தெரிந்தாலும், வெளியே போகப்போக அலையும் வலுக்கும். திரும்பும் வழி முழுவதும் எதிர்க்காற்று. கவிழ்ந்த படகை நிமிர்த்த ஒருவரின் எடை பெரும்பாலும் போதாது. அதற்குள் காற்று படகை மேலும் வெளியே தள்ளிவிடும்.

பழைய படகு வாங்குவோர், பாய்மரத்துக்கு முன்புறம் தோணிகளின் மேற்தளத்தைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று உள்வாங்கினால் உட்படலம் பிரிந்திருக்கும். துணையோடு ஓட்டுபவர்களுக்கு இப்படகைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தனியாகச் செல்பவர்களுக்கு, ஒருவரே நிமிர்த்தக்கூடிய 59 கிலோ எடையுள்ள ‘லேசர்’ என்ற சிறு பாய்ப்படகே ஏற்றது.