முறுக்கா, சால்டரா, கிரிம்பா: டெல்டா காருக்கு எந்த ஜாயின்ட் தாங்கும்?

புதிதாகப் போட்ட ரிவர்ஸ் கேமரா மழை நாளில் மட்டும் மங்குகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஸ்டீரியோ அணைந்து எரிகிறது. இப்படி வரும் வண்டிகளில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது வயர் ஜாயின்ட்டைத்தான். காவிரி டெல்டாவில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை முழுக்க ஈரம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வருஷம் முழுக்க உப்புக் காற்று. சித்திரையில் வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டில் கை வைக்க முடியாது. ஜாயின்ட் இந்த மூன்றையும் தாங்கியாக வேண்டும்.

முறுக்கி டேப் சுற்றுவதுதான் நம் பக்கம் அதிகம். மலிவு, ஐந்து நிமிஷ வேலை, மாட்டிய அன்று குறை சொல்ல ஒன்றும் இருக்காது. இரண்டு வெயில் கழித்துப் பிரித்தால் டேப்பின் பசை கறுப்புப் பிசினாக விரலில் ஒட்டும். சுற்று தளர்ந்து நழுவியிருக்கும். உள்ளே செம்பு இழைகளில், புளி போட்டுத் தேய்க்காத பித்தளைக் குடத்தில் ஏறுவதுபோல் பச்சைக் களிம்பு. களிம்பு ஏறினால் மின்தடை ஏறும். தடை ஏறினால் சூடு. இரண்டு 55 வாட் ஹெட்லைட் பல்புகள் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அந்த வழியில் ஒரு ஜாயின்ட்டில் 0.1 ஓம் தடை இருந்தால் 0.9 வோல்ட் அங்கேயே போய்விடும். சுமார் 8 வாட் சூடு விரல்நுனி அளவு இடத்தில் சேரும். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். இந்த முறையைக் காரில் எந்த இடத்துக்கும் நாங்கள் ஏற்பதில்லை.

ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தது கடைசி வரைக்கும் நிற்கும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. மின்சாரம் கடத்துவதைப் பொறுத்தவரை அது சரி. சிக்கல் அதிர்வில் வருகிறது. ஈயம் இழைகளுக்குள் ஊறி, வயரைக் கம்பிபோல் விறைப்பாக்கும். விறைப்பு முடிந்து வளையும் பகுதி தொடங்கும் அந்த ஓரத்தில்தான், ஓடி ஓடி இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியிலிருந்து பார்த்தால் ஜாயின்ட் முழுசாக இருக்கும். ஆகவே சால்டர் வைத்தால் ஜாயின்ட்டின் இரண்டு பக்கமும் வயரைக் கட்டி, ஆடாமல் நிறுத்த வேண்டும்.

செய்முறையில் பிழை வரும் இடம் இன்னும் அதிகம். 25 வாட் சால்டரிங் அயர்ன் தடித்த வயரைச் சூடாக்காது. 60 வாட் வேண்டும். சூட்டை வயருக்குக் கொடுத்து, வயர் ஈயத்தை உருக்க வேண்டும். அயர்ன் முனையில் உருக்கிச் சொட்டவிட்டால் மேலே ஒட்டிய உருண்டைதான் மிஞ்சும். 60/40 ரோசின் கோர் (நடுவில் பிசின் உள்ள) ஈயம் போதும். பாத்திரத்துக்கு ஈயம் பூசும் நவச்சாரமோ ஆசிட் ஃபிளக்ஸோ வயருக்கு ஆகவே ஆகாது. எஞ்சிய உப்பு செம்பைத் தின்றுகொண்டே இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து சால்டர் வைப்பது சீட்டுக்கும் கண்ணுக்கும் கேடு. ஹார்னஸை, அதாவது வயர் கட்டை, மேஜையில் வைத்தே முடித்துக்கொண்டு வண்டிக்குப் போங்கள்.

கிரிம்ப், அதாவது உலோக ஸ்லீவுக்குள் வயர் முனைகளை விட்டு டூலால் நசுக்கிப் பிடிக்கவைக்கும் ஜாயின்ட்டைத்தான் நாங்கள் முதலில் வைப்போம், சரியான டூல் கையில் இருந்தால். கட்டிங் பிளேயரால் நசுக்கினால் ஸ்லீவ் தட்டையாகும், பிடிப்பு வராது. ராட்செட் டூல் முழு அழுத்தம் வராமல் வாயைத் திறக்காது. அதன் மதிப்பே அதுதான். ஸ்லீவ் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மி.மீ., நீலம் 1.5 முதல் 2.5, மஞ்சள் 4 முதல் 6. வயர் முனையில் 7-8 மி.மீ. தோலுரித்தால் போதும். ஸ்டீரியோவோடு வரும் ஒல்லி வயர் சிவப்பிலும் தொளதொளவென்று இருந்தால், இருமடங்கு நீளம் உரித்து இழையை மடித்து நுழையுங்கள். முனையில் ஈயம் வைத்துவிட்டுக் கிரிம்ப் செய்யாதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நழுவி, சில மாதத்தில் பிடி தளரும். முடித்ததும் இரு பக்கமும் பிடித்து நன்றாக இழுங்கள். நழுவினால் வெட்டிவிட்டு மறுபடி.

ஈரம் பிரச்சினை என்பதால் சாதா பிளாஸ்டிக் ஸ்லீவ் கேபினுக்குள் மட்டும். பானெட், டிக்கி கதவு, பம்பர் என்றால் உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்), 3:1 சுருக்கம் உள்ளது, 4-5 செ.மீ. நீளத்தில். வயரைச் சேர்க்கும் முன்பே அதைக் கோத்துவிட வேண்டும். மறந்தால் ஜாயின்ட்டை வெட்ட வேண்டியதுதான். இரண்டு முனையிலும் பசை கசியும் வரை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். லைட்டர் தீ ஒரு பக்கம் கருக்கும், மறு பக்கம் சுருங்காது.

ஒரே கட்டில் நாலைந்து ஜாயின்ட் வந்தால் 3 செ.மீ. தள்ளித் தள்ளி வையுங்கள். கட்டும் பருக்காது, ஒன்றோடொன்று உரசவும் செய்யாது.

வயரை வெட்டாமல் கடித்துக்கொள்ளும் நீலக் கிளிப் ரிவர்ஸ் லைட்டில் கேமராவுக்கு கரன்ட் எடுக்க வசதியாகத் தெரியும். அதன் தகடு இழைகளை வெட்டும், வாய் திறந்தே இருப்பதால் ஈரம் நேரே உள்ளே போகும். தவிர்த்துவிடுங்கள். நெம்பை மடக்கி வயரைப் பிடிக்கும் லீவர் கனெக்டர் டேஷ்போர்டுக்குள் சோதித்துப் பார்க்க நல்லது. நீர் புகும் இடத்துக்கு அது வேண்டாம்.

ஸ்டீரியோவுக்கு மட்டும் என்றால் இவை எல்லாவற்றையும் விட மேலானது அந்த மாடலுக்கான கப்ளர், அதாவது கம்பெனி பிளக்கில் அப்படியே மாட்டும் இணைப்பு. கம்பெனி வயரில் கத்தியே படாது. ஜாயின்ட் எல்லாம் கப்ளருக்கும் புது ஸ்டீரியோ வாலுக்கும் நடுவில், மேஜையிலேயே முடியும். ஸ்டீரியோ வயர்களில் மஞ்சள் எப்போதும் வரும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். சில கார்களில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும். சாவி எடுத்ததும் ஸ்டீரியோ ஸ்டேஷன்களை மறந்தால் அந்த இரண்டையும் மாற்றிப் போடுங்கள். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

பானெட்டுக்குள் இன்னொரு எதிரி எலி. சம்பா அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எலி வீட்டுப் பக்கம் திரும்பும். வயரை ஃபிளெக்சிபிள் டியூபுக்குள் விட்டு, முனைகளைத் துணி டேப்பால் மூடுங்கள். ஜாயின்ட்டுக்கு முன்னால் வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எல்லாம் மாட்டியதும் லைட்டோ ஸ்டீரியோவோ ஓடும்போதே, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஜாயின்ட்டின் இரு பக்கமும் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டும் ஜாயின்ட்டை அன்றைக்கே வெட்டிப் புதிதாகப் போட வேண்டும். எர்த் போல்ட்டிலும் இதே சோதனை: அங்கே கூடுதலாகக் காட்டினால் பெயின்டைச் சுரண்டி, வட்ட லக்கும் (வயர் முனை வளையம்) நட்சத்திர வாஷரும் வைத்து முறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள்.