ஆயுதமில்லாத பார்பேரியன்: அடியா, பிடியா?

வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த பொடியன் ஒருவன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடைக்கட்டை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டுக்கு எங்கள் மேசையில் வந்து சேர்ந்தான். முதல் நாளே சொல்லிவிட்டான்: "அண்ணை, எனக்கு வாளும் வேண்டாம், கோடரியும் வேண்டாம். வெறுங்கையோட நிக்கிற பார்பேரியன்தான் வேணும். வலை இழுத்துக் காய்ச்சுப்போன கை." பார்பேரியன் என்றால் இந்த ஆட்டத்தில் வெறிகொண்டு மோதும் முரட்டு வீரன்.

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரம்தான் ஆட்டம். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான். அவனுக்காக நாலு வழிகளைப் பார்த்தோம். ஒன்றும் முழுதாகச் சரிவராமல் ஐந்தாவதை நாங்களே எழுதினோம். எல்லாம் 2014இல் வந்த 5ஆம் பதிப்பு விதிகள். ஒப்பிட வசதியாக எல்லாரையும் 5ஆம் லெவலில், முக்கிய ஆற்றல் 18 (அடிக்கு +4 கூடும்) என்று நிறுத்துகிறேன். போட்ட அடி எல்லாம் பட்டதாகவே கணக்கு; வரும் எண்கள் ஒரு சுற்றின் சராசரிக் காயம்.

சிக்கல் எங்கே என்றால், சாதாரண ஆளின் குத்துக்குக் கட்டையே கிடையாது. 1, அதோடு பலத்தின் கூட்டல், அவ்வளவுதான். பார்பேரியன் வெறிகொண்டு சண்டைபிடிக்கும் நிலையான ரேஜுக்கு எங்கள் மேசையில் 'உரு' என்று பெயர். உருவேறினால் இன்னும் 2 சேரும். ஆக ஒரு குத்து 7. அதே ஆள் பெரிய கோடரியைத் தூக்கினால் டி12 (12 பக்கக் கட்டை), கூட்டல்களோடு சராசரி 12.5. கையை நம்பி வருகிறவனை விதியே தண்டிக்கிறது.

வெறுங்கை என்றதும் எல்லாரும் கைகாட்டுவது துறவி வீரனான மொங்க். நியாயம்தான். 5ஆம் லெவலில் டி6. இரண்டு அடி, சுற்றில் கூடுதலாகக் கிடைக்கும் போனஸ் அக்‌ஷனில் இன்னொன்று, மொத்தம் 22.5. மொங்க்கின் உள்சக்தியான கீயில் ஒன்றைச் செலவழித்தால் நாலு அடி, 30. எதிரியை உறைய வைக்கும் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கும் இந்த லெவலில்தான் வருகிறது. குத்துவதில் மொங்க்கை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் அது விலகி, வளைந்து, ஓடி அடிக்கிற உடம்பு, உயிர்ப்புள்ளிக்கு டி8. இந்தப் பொடியன் கேட்டது அடியை வாங்கிக்கொண்டு அசையாமல் நிற்கிற ஆளை. பார்பேரியனுக்கு டி12, அதோடு உருவில் இருக்கும்போது வெட்டு, குத்து, மோதல் மூன்றிலும் பாதிதான் உடம்பில் ஏறும்.

போர்வீரனான ஃபைட்டருக்கு 2020இல் 'டாஷாஸ் கோல்ட்ரன் ஒவ் எவ்ரிதிங்' புத்தகத்தோடு வந்த வெறுங்கைப் பாணி நல்லதுதான்: இரண்டு கையும் காலியென்றால் டி8, பிடித்து வைத்திருக்கும் எதிரிக்கு ஒவ்வொரு சுற்றிலும் டி4. ஆனால் உரு இல்லை. அதோடு அந்தக் கதை முடிந்தது.

டேவர்ன் ப்ராலர் என்ற தனித்திறனை, அதாவது ஃபீட்டை, பலர் அலட்சியமாகக் கடந்துபோகிறார்கள். எந்தப் பார்பேரியனும் 4ஆம் லெவலில் எடுக்கலாம். பலம் 17இல் தொடங்கியவனுக்கு அதுவே 18 ஆக்கிவிடும். குத்து டி4 ஆகும். இரண்டு குத்துக்கு 17. எண்ணிக்கையில் ஏழைதான். ஆனால் குத்து பட்டவுடன் போனஸ் அக்‌ஷனில் எதிரியைப் பிடிக்கலாம் என்ற வரி பொன்னான வரி. நாங்களே எழுதிய விதியின், அதாவது ஹோம்ப்ரூவின், விதை அங்கேதான் இருந்தது. அதை நான் முதலில் காணவில்லை.

அதே 2020 புத்தகத்தில் உள்ள பாத் ஒவ் த பீஸ்ட் என்ற பார்பேரியன் வழிதான் உண்மையான போட்டி. உருவேறும்போது கை நகமாகலாம்: டி6, மூன்று அடி, 28.5. செலவென்று பார்த்தால் உரு ஒன்றுதான். 6ஆம் லெவலில் அந்த நகம் மாய ஆயுதமாகவும் கணக்காகும். நான் இதைத்தான் எடுக்கச் சொன்னேன். பொடியன் ஒரேயடியாக மறுத்தான்: "மீன் பிடிக்கிறவன்ர கையில நகம் முளைச்சா வலை கிழிஞ்சுபோம் அண்ணை." நகத்தை முட்டி என்று மாற்றி, வெட்டுக் காயத்தை மோதல் காயமாக்கி ஆடலாம். அடி மட்டும் போதும் என்பவர்களுக்கு நானே அதைத்தான் சொல்வேன். புதிதாக எதுவும் எழுதத் தேவையில்லை.

நாங்களே எழுதிய ஐந்தாவது வழியின் முதல் பிரதியில் நான் பிழைவிட்டேன். குத்துக்கு டி8, போனஸ் அக்‌ஷனில் மூன்றாவது குத்து. மொத்தம் 31.5. இரண்டாம் கிழமையே மொங்க் ஆடுகிற தங்கச்சி கட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "நான் கீ செலவழிச்சு அடிக்கிறத அவன் சும்மா அடிக்கிறான் அண்ணை. பிறகு நான் ஏன் வந்து இருக்கிறன்?" அன்றிரவே அதைக் கிழித்துப் போட்டேன்.

பிறகுதான் உருவின் விதியைத் திரும்ப நிதானமாக வாசித்தேன். உருவில் இருப்பவன் பலத்துக்கான எந்தச் சோதனைக்கும் இரண்டு கட்டை உருட்டி உயர்ந்ததை எடுக்கிறான். பிடிப்பது, தள்ளுவது எல்லாமே பலத்தில் நிற்கும் அத்லெட்டிக்ஸ் சோதனை. ஓகர் என்ற ராட்சதன் ஒருவனை எதிர்த்து ஆடிப் பார்த்தோம். பொடியன் பக்கம் கூட்டல் +7, இரண்டு கட்டை. ஓகருக்கு +4, ஒரே கட்டை. முதல் அடிக்குப் பதில் பிடித்தான். இரண்டாவதுக்குப் பதில் தள்ளி விழுத்தினான். பிடிபட்டவனுக்கு வேகம் பூச்சியம், எழும்பவே முடியாது. பக்கத்தில் நின்ற எல்லாரும் அட்வான்டேஜோடு, அதாவது இரண்டு கட்டை உருட்டி உயர்ந்ததை எடுத்து, அடித்தார்கள். மொங்க் தங்கச்சிதான் அன்று கூடுதலாக அடித்தவள்.

அடுத்த சண்டையில் ஓட்டை தெரிந்தது. காயப்பட்ட கிளெரிக்கை (குணப்படுத்தும் பூசாரியை) விட்டு விலக்குவதற்காக எதிரியைப் பிடித்து, அடுத்த சுற்றில் டாஷ் (அடிப்பதற்குப் பதில் இன்னொரு ஓட்டம்) எடுத்து 40 அடி தூரம் இழுத்துப் போனான் பொடியன். எதிரியின் அடி தவறியது. அவனும் யாரையும் அடிக்கவில்லை. அடிக்காமலும் அடிபடாமலும் ஒரு சுற்றுப் போனால் உரு இறங்கிவிடும் என்பது விதி. இறங்கியது, எதிரி கழன்று ஓடிவிட்டான். வலை கரைக்கு வருகிற நேரத்தில் கயிற்றை விட்டது போல இருந்தது.

ஆகவே 'கரைவலை வழி' இப்படி நிற்கிறது. 3ஆம் லெவலில் குத்துக்கு டி6, பட்டால் போனஸ் அக்‌ஷனில் பிடி. யாரையாவது பிடித்திருக்கும் வரை உரு தானாக இறங்காது. இந்தக் கடைசி வரிக்கு 'அம்பா' என்று பெயர் வைத்தவன் பொடியன்தான், வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டின் பெயர். 6ஆம் லெவலில் கை மாய ஆயுதமாகும், பிடித்தவனை இழுக்கும்போது வேகம் பாதியாகாது. 10ஆம் லெவலில் தன்னைவிட அளவில் இரண்டு படி பெரிய எதிரியையும் பிடிக்கலாம். 14ஐ இன்னும் எழுதவில்லை. இரண்டு குத்துக்கு 19தான் வருகிறது, நகத்தைவிட 9.5 குறைவு. வேண்டுமென்றே அப்படி விட்டோம்.

2024 விதிகளில் ஆடுகிறவர்கள் இதை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே பிடிக்கப்படுகிறவன்தான் தப்புவதற்கான சேவிங் த்ரோ உருட்டுகிறான்; பிடிக்கும்போது உருவின் இரண்டு கட்டைக்கு வேலையில்லை. மொங்க்கும் தன் சுறுசுறுப்பை வைத்தே பிடிக்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். அந்த மேசையில் நான் மொங்க்கையே எடுப்பேன்.

இப்போது அவன் 9ஆம் லெவல், பலம் 20. அடுத்த லெவலுக்கு ஒரு வளர்ந்த சிவப்பு டிராகனை வைத்திருக்கிறேன். அதன் பலத்துக்கு +8, அவன் பிடிக்கு +9, இரண்டு கட்டை. பிடிபட்டால் அதன் செட்டைக்கும் வேகம் பூச்சியம். பொடியன் அதற்கென்று ஒரு அம்பாப் பாட்டையும் பாடமாக்கி வைத்திருக்கிறான்.